தண்ணி வண்டி

போன வருஷக் கடைசியில் ஈப்போவில் எங்கள் அலுவலக விருந்து. தலைமையகத்திலிருந்து வந்திருந்த இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு நான் பியர் ஊற்றப் போனேன். அவர் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "ஐ'ம் ஆன் த வேகன்" என்றார். அந்தச் சொற்றொடர் எனக்குத் தெரியாது. வேகன் என்றால் வண்டி. குடியைப் பற்றிய பேச்சில் வண்டி வந்தால் தமிழ் மண்டைக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: தண்ணி வண்டி. ஆகா, மனுஷன் பெரிய ஆள் போல என்று நினைத்து இன்னும் தாராளமாக ஊற்றக் குனிந்தேன். பக்கத்திலிருந்த நண்பன் கையைப் பிடித்து இழுத்தான். "டேய், அவரு குடிய விட்டு எட்டு மாசம் ஆச்சுடா."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் புழுதி அடங்கத் தெருக்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வண்டிகள் போகும். குடியை விடுவதாகச் சத்தியம் செய்தவர்கள், இனி மது வேண்டாம், அந்தத் தண்ணீர் வண்டியில் ஏறிக்கொள்கிறோம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தண்ணீர் வண்டியில் இருப்பவன் குடியை விட்டவன். தமிழில் தண்ணி வண்டி என்றால் விடவே முடியாதவன்.

ஒரே வண்டி, இரண்டு திசை. முதலில் சிரித்தேன். பிறகு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. அந்த மனிதர் இருபது பேர் நடுவில், கொஞ்சமும் கூசாமல், நான்கே சொற்களில் அதைச் சொன்னார். யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவர் உட்கார அவருடைய மொழியில் ஏற்கெனவே ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறது. அதையே தமிழில் சொல்ல வேண்டுமென்றால்? "நான் குடிய விட்டுட்டேன்" என்றால், அதற்கு முன்னால் நீ குடிகாரன் என்று ஒப்புக்கொண்டதாகிறது. அடுத்த கேள்வி உடனே வரும்: "ஏன், லிவர் போச்சா?"

அன்றிலிருந்து குடி பற்றிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 1737-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் 'குடிகாரர் அகராதி' என்று ஒரு பட்டியல் போட்டார். போதையில் இருப்பதைச் சொல்ல இருநூறுக்கும் மேற்பட்ட வழிகள் அதில் இருக்கின்றன. அதன் பிறகும் அந்தப் பட்டியல் நிற்கவில்லை. தள்ளாடுகிறவனை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பார்கள். ஷீட் என்பது பாயை இழுத்துக் கட்டும் கயிறு. மூன்று கயிறு அவிழ்ந்துவிட்டால் கப்பல் ஆடும், அதைப்போல. மறுநாள் காலைத் தலைவலிக்கு மறுபடி ஒரு வாய் குடித்தால் 'ஹேர் ஆஃப் த டாக்'. கடித்த நாயின் மயிரையே காயத்துக்கு மருந்தாக வைக்கும் பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது. குடித்தால் வரும் துணிச்சல் 'டச் கரேஜ்'. அதில்கூடப் பழி பக்கத்து நாட்டுக்காரன் மேல். நன்றாக ஏறிவிட்டால் 'ட்ரங்க் ஆஸ் எ லார்ட்', பிரபு மாதிரிக் குடித்திருக்கிறான்.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை குடித்தவன்மேல் பாசமாகத்தான் இருக்கின்றன. அவன் கப்பலாகிறான், பிரபுவாகிறான். அவனுடைய மனைவி அங்கே இல்லை, கல்லீரல் இல்லை, வட்டிக்காரன் இல்லை.

நம்மிடம் இருப்பது என்ன? தண்ணி, சரக்கு, மப்பு, மட்டை. தமிழ்நாட்டுப் படங்கள் வழியாக வந்த குவார்ட்டர், கட்டிங். இந்தக் கட்டிங் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 180 மில்லி குவார்ட்டரில் பாதி, 90 மில்லி. முழுக் குவார்ட்டருக்குக் காசு இல்லாதவன், கடை வாசலில் தன்னைப் போலவே நிற்கும் இன்னொருவனோடு கூட்டுச் சேர்ந்து வாங்கிப் பங்கு பிரிப்பது. ஆங்கிலக்காரனின் சொல் போதையை வருணிக்கிறது. நம் சொல் காசை எண்ணுகிறது.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் உடனே ஒரு விளக்கத்தோடு வருவார்கள். "வெள்ளக்காரன் ரசிச்சுக் குடிப்பான், நம்மாளு விழறதுக்குன்னே குடிப்பான். அதான் சொல்லும் அப்படி." இலக்கியம் படிக்கிறவர்களும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையே இந்த விளக்கத்தோடு சண்டை போடத்தான். இது பொய். அதிலும் சோம்பேறிப் பொய்.

லண்டனுக்கே போவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஏழைகளுக்கு மலிவாகக் கிடைத்தது ஜின். அதற்கு ஆங்கிலம் வைத்த செல்லப் பெயர் 'மதர்ஸ் ரூயின்', தாயைக் கெடுத்தது. 1751-இல் ஹோகார்த் 'ஜின் லேன்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தை அச்சிட்டார். போதையில் ஒரு தாய் படியில் சாய்ந்திருக்கிறாள், அவள் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அதே வருஷம் ஜின்னைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. பிரபுக்கள் குடித்த ஒயினுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அவர்களுக்கு 'பிரபு மாதிரி' என்ற பாராட்டு. அதாவது வெள்ளைக்காரனும் தன் ஏழையை நம்மைப் போலத்தான் திட்டினான்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி, அரியல். சங்கப் பாடல்களில் கள்ளுக்கு எத்தனை பெயர்! தெளிந்ததற்கு ஒன்று, புளித்ததற்கு ஒன்று. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் கள்ளைத் தங்களோடு பகிர்ந்த விதத்தை நினைத்துத்தான் தொடங்குகிறது. அப்போது குடித்தவன் தலைவன். அவனோடு உட்கார்ந்து குடித்தவர்கள் பாட்டு எழுதத் தெரிந்தவர்கள். சொல் அழகாக இருந்தது. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியதும் இதே மொழியில்தான், மறுக்கவில்லை. ஆனால் குடியை ரசித்துச் சொல்லத் தமிழுக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஆக, அழகான சொல் எந்த மொழிக்கும் சொந்தமில்லை. குடித்துவிட்டு மறுநாள் தண்டனை இல்லாமல் எழுந்திருக்க முடிந்தவனுக்கே அது கிடைத்திருக்கிறது.

இதற்கு நம் பேராக்கைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஈப்போவில் எஃப்.எம்.எஸ். பார் தெரியும்தானே? 1906-இல் ஹைனானியர்கள் தொடங்கியது. ஈயச் சுரங்க முதலாளிகளும் ரப்பர் தோட்டத் துரைகளும் வந்து உட்கார்ந்த இடம். துரைமார் மலாயாவில் குடித்த விஸ்கி சோடாவுக்கு 'ஸ்டெங்கா' என்று பெயர். பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான 'செத்தெங்ஙா'வைத் திரித்தது. ஜின்னில் கசப்பைச் சேர்த்தால் 'ஜின் பாஹிட்'. பாஹிட் என்றால் மலாயில் கசப்பு. இந்தச் சொற்கள் சாமர்செட் மாமின் கதைகளில் ஏறி, ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டன. இன்றைக்குப் பழைய பொருள் விற்கிறவர்களும் ஹோட்டல்காரர்களும் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது கண்கள் மின்னுகின்றன.

அதே துரை நடத்திய அதே தோட்டத்தில் இன்னொரு மதுவும் இருந்தது. லயத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கள்ளுக்கடை. உரிமம் அரசாங்கம் கொடுத்தது, கடை நிர்வாகத்தின் கண்காணிப்பில் நடந்தது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்து, வாளி சுமந்து வந்தவனுக்குச் சாயங்காலம் வேறு போக்கிடம் கிடையாது. சினிமா ஊருக்குள் இருந்தது. ஊர் தூரத்தில் இருந்தது. கள்ளுக்கடை பக்கத்தில் இருந்தது. துரையிடமிருந்து கிடைத்த சம்பளத்தில் ஒரு பகுதி அந்த வாசல் வழியாகத் திரும்பிப் போனது.

இவன் குடித்ததற்கும் மொழி கிடைத்தது. மலாயில் 'மச்சாம் கெலிங் மாபோக் தோடி' என்று கேட்டிருப்பீர்கள். கள் குடித்த கெலிங் மாதிரி. பள்ளியில் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே நான் அதை வாங்கியிருக்கிறேன். பதினாறு வயதில் எனக்குக் கள்ளின் வாசம்கூடத் தெரியாது. 'டாடி' என்ற சொல்லும் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். துரையின் வீட்டில் அது 'ஹாட் டாடி' ஆகி, வெந்நீரும் தேனும் எலுமிச்சையும் கலந்து சளிக்கு மருந்தானது. லயத்தில் அது ஓர் இனத்தையே திட்டும் வசவானது. ஒரே பனையிலிருந்து இறங்கிய சொல்.

ஸ்டெங்காவுக்கு ஏக்கம், தோடிக்கு ஏளனம். இதை மலாய்க்காரர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் நாமே என்ன சொல்கிறோம்? கோயில் திருவிழா மேடையில் ஏறும் பேச்சாளர் முதல் ஐந்து நிமிஷத்தில் "குடியாலே அழிஞ்ச சமுதாயம்" என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நம் சிறுகதைகளில் தோட்டத்து அப்பா என்றாலே வாசலில் விழுந்து கிடப்பவர். அம்மா அழுவாள், பையன் படித்துப் பெரிய ஆளாவான். அப்படிப்பட்ட அப்பாக்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் கள்ளுக்கடை ஏன் மரம் செடி மாதிரி தானாக முளைத்து நிற்கிறது? அதை அங்கே வைத்தவன் யார், கணக்கு எழுதியவன் யார் என்று கதாசிரியருக்கு ஏன் ஒரு வரிகூடத் தோன்றவில்லை?

கதைக்குள் வராத இன்னொன்றும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலை நிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அதே பட்டியலில் இன்னொன்று: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு. பதில் என்ன வந்தது? நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

போர் முடிந்த பிறகு, நம் பேராக்குக்கு வடக்கே கெடாவில், தோட்டத்து இளைஞர்கள் தொண்டர் படை என்று திரண்டார்கள். 1947-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தார்கள். எதிரே வந்து நின்றது போலீஸ். குடிக்காதே என்று தன் ஆட்களிடம் சொல்ல ஒரு தமிழன் தெருவில் நின்றபோது, கடையைக் காப்பாற்ற அரசாங்கம் தடியோடு வந்திருக்கிறது.

'குடியால் அழிந்த சமுதாயம்' என்று மைக்கில் சொல்கிறவருக்கு இது தெரியுமா? தெரிந்தால் அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியுமா?

இனி என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நானும் மேடைக்காரனாகிவிடுவேன்.

என் சித்தப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் காலியாகி, குடும்பம் தாமானுக்கு வந்த பிறகு லோரியில் உதவியாளாகப் போனார். கள்ளுக்கடை பின்னால் போனது, சம்சு முன்னால் வந்தது. சின்னப் பாட்டில், சின்ன விலை, பெட்டிக் கடையிலேயே கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயரே தண்ணி வண்டி. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்வோம், அவரும் சிரிப்பார்.

ஒரு வருஷம் அவர் குடியை விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வார்த்தை ஏது? ஐந்து மாதம். சட்டை சுத்தமாக இருந்தது, கன்னத்தில் சதை வந்தது. நான் அப்போது பல்கலைக்கழக இறுதியாண்டு. ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் ஆண்கள் கூடும் இடத்தில், அவர் கையில் ஆரஞ்சுத் தண்ணீரோடு நின்றார். "என்ன சித்தப்பா, தண்ணி வண்டி டேங்க் காலியா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஒரு நாளுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே" என்று யாரோ அவர் கையில் கிளாஸைத் திணித்தார்கள்.

என் வாக்கியத்தால்தான் அவர் மறுபடி குடித்தார் என்று சொல்ல மாட்டேன். அது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வது. குடிநோய் ஒரு கேலியில் தொடங்கி ஒரு கேலியில் முடிவதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான்கு சொல் இருந்திருக்கலாம். இல்லை. இருந்ததெல்லாம் என் கையிலிருந்த கேலிதான்.

இரண்டு வருஷம் கழித்து அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, இரவு பதினோரு மணி. நான் நண்பர்களோடு இருந்த பப்பிலிருந்து நேராகப் போனேன். பாரம் எழுதிக்கொண்டவர் கேட்டார், "இவரு குடிப்பாரா?" "ஆமா, குடிகாரரு" என்றேன். ஏதோ ரத்தம் தேவைப்படலாம் என்று என்னிடமும் கேட்டார், "நீங்க?" "சோஷியல்" என்றேன். என் வயிற்றில் அன்று இருந்தது மூன்று பைன்ட் பியரும் ஒரு விஸ்கியும். என் வாய் நாறியிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். சித்தப்பா ஆறாவது நாள் போய்விட்டார்.

'குடிகாரன்', 'சோஷியல்'. ஒரே குடும்பம், ஒரே இரவு. வித்தியாசம் பட்டத்தில் இருந்தது, சம்பளத்தில் இருந்தது, எந்த மொழியில் குடித்தோம் என்பதில் இருந்தது.

என் வயதுக்காரர்கள் நாம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நமக்கு டிப்ஸி, ஹேமர்ட், வேஸ்டட், சில். ஹேப்பி அவர். இணையத்தில் வரும் நம் கவிதைகளில் விஸ்கி வந்தால் கூடவே மழையும் பழைய ஆங்கிலப் பாட்டும் வருகிறது. புக்கோவ்ஸ்கி படித்தவுடன் குடி ஒரு தத்துவமாகிவிடுகிறது. சம்சுவைப் பற்றி அப்படி ஒரு கவிதை காட்டுங்கள், பார்க்கலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள். என் விடுதியில் ஒருவன், "குடிகாரனுங்கதான, விடு" என்றான். அன்று வெள்ளிக்கிழமை. அவன் பப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"குடியை நியாயப்படுத்துறியா?" என்று கேட்பீர்கள். இல்லை. சித்தப்பாவின் வயிறு எப்படி வீங்கியது என்று பார்த்தவன் நான். சித்தி எத்தனை இரவு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரியும். எந்த அழகான சொல்லாலும் அதை மூட முடியாது. நான் கேட்பது ஒரே அளவுகோல். அடுத்தவன் தள்ளாடினால் மட்டை என்றால், நீ தள்ளாடினாலும் மட்டை. உனக்கு சோஷியல் என்றால் அவனுக்கும் சோஷியல்.

"வெறும் சொல்தானே, சொல்லால என்ன ஆகும்?" என்றும் கேட்பீர்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. ஆங்கில மருத்துவம்கூட 2013-இல் தன் கையேட்டைத் திருத்தியபோது, பழைய பெயர்களை விட்டுவிட்டு 'மதுப் பயன்பாட்டுக் கோளாறு' என்ற பொருளில் ஒரு பெயரை வைத்தது. பெயர் மாறினால் சிகிச்சை கேட்டு வருகிறவனின் கூச்சம் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 'குடிநோயாளி' என்ற சொல் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இங்கே நம் பத்திரிகைகளில், மேடைகளில், கதைகளில் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

எழுதுகிறவர்களிடம் எனக்கு மூன்று சண்டை. கதையில் குடிகார அப்பாவைக் கொண்டு வந்தால் கடையையும் கொண்டு வாருங்கள். உரிமம் யாருடையது, விலை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு. கவிதையில் விஸ்கி குடித்தால் மறுநாள் காலையையும் எழுதுங்கள், யார் வாந்தியைக் கழுவினார் என்பதோடு. மூன்றாவது, விட்டவனை எழுதுங்கள். குடிக்கிறவனைப் பற்றி நம்மிடம் நூறு கதை இருக்கிறது. விட்டுவிட்டு, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஆரஞ்சுத் தண்ணீரோடு நிற்பவனைப் பற்றி ஒன்றுகூட நான் படித்ததில்லை. அவன் என்ன சொல்வான், எப்படிச் சொல்வான், எதிரே நிற்கிறவன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கண்டுபிடிப்பது எழுத்தாளன் வேலை.

எனக்கு அந்தச் சொல் இன்னும் கிடைக்கவில்லை. 'தண்ணி வண்டி'யையே திருப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். செயற்கையாக இருந்தது. போன மாதம் இன்னொரு கல்யாணம். சித்தப்பாவோடு லோரியில் போன ஒருவர் தள்ளி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு தே ஆர்டர் பண்ணுங்க மாமா" என்றேன். "ஏன்டா, ஒனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆவல மாமா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, கையை உயர்த்தி இன்னொரு தேநீர் சொன்னார்.